பென்னிகுவிக் பொங்கல் வைக்கும் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், பாலார்பட்டி வட்டாரத்து விழாக் குழுப் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

ஜனவரி 15 அன்று நீங்கள் வைக்கும் பொங்கலிலும், மாட்டு வண்டி ஊர்வலத்திலும் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் என்ற, கடல் கடந்து பிறந்த குடும்பத்து மனிதர் ஒருவருக்கு, அவர் செத்து நூறு ஆண்டு தாண்டியும் உழவர்கள் தாங்களாகவே பானை வைப்பது வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காது. எங்கள் மனு ஒன்றுதான். ஊர்தோறும் ஃப்ளெக்ஸில் போடுகிறீர்களே, "மனைவியின் நகையையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்று அணை கட்டிய மகான்" என்று, அந்த வரியை இந்த ஆண்டு எடுத்துவிடுங்கள். பள்ளி நாடகத்தில் அவர் மனைவியாகத் துரைசாணி வேடம் போட்ட பிள்ளை வளையலைக் கழற்றிக் கொடுக்கும் காட்சியையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறோம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பெரியாறு அணை சென்னை மாகாண அரசு எடுத்த வேலை. திட்ட மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, மாகாணப் பொதுப்பணித்துறை வழியாகச் செலவழித்த பணம். அளவுப் புத்தகம், பில், ஒப்புகை என்று போகிற அந்தக் கணக்கில், வேலையைப் பார்க்கும் பொறியாளர் தன் வீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்குத் தலைப்பே கிடையாது. துறையில் ஆறு மாதம் எழுத்தராக இருந்தவருக்கும் இது தெரியும். அப்படியே விற்றிருந்தாலும், எட்டு ஆண்டு ஆயிரக்கணக்கான ஆட்களுக்குக் கூலி கொடுத்த ஒரு வேலைக்கு ஒரு படை அதிகாரியின் வீட்டு நகை எத்தனை நாள் தாங்கும்? கதையைச் சொல்பவர்கள் விற்ற பத்திரத்தை எடுத்து வைப்பதில்லை. சொத்து எந்த ஊரில் இருந்தது என்றும் சொல்வதில்லை. எவராவது ஒருநாள் நீதிமன்றத்திலோ தொலைக்காட்சி விவாதத்திலோ இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் மற்றக் கணக்கும் இப்படித்தானா?" என்று கேட்டால் பதில் சொல்வது நம் பிள்ளைகள்தான்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது நகைக் கதையைவிடக் கனமானது. ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தார். அப்பாவும் படை அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா போரில் அப்பா விழுந்தார். அதே களத்தில் அண்ணன் அலெக்சாண்டரும் விழுந்தார். பையனுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள். தந்தையில்லாப் பிள்ளையாக இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும், பிறகு அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் படித்து, 1860இல் சென்னைப் பொறியாளர் படையின் இளம் அதிகாரியாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்புக்குப் போய்வந்தார். 1879இல், 38 வயதில், கிரேஸ் ஜார்ஜினா ஷாமியரை மணந்தார். ஐந்து பெண், ஓர் ஆண். 1887இல் அணை வேலை தொடங்கும்போது அவருக்கு 46 வயது, வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகள். 1890இல் பிறந்த அந்த ஒரே மகனும் அப்பா, தாத்தா வழியில் படைக்கே போனார், பொறியாளர் படைதான். 1914இல் பிரான்சில் படை பின்வாங்கியபோது பொந்துவாஸ் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்த இரண்டு அதிகாரிகளில் ஒருவர் அவர். அப்பன் கட்டியவர், மகனுக்கு வாய்த்தது உடைக்கிற வேலை. நாடகத்துக்குக் காட்சி வேண்டுமென்றால் இதைப் போடுங்கள், பொய்யில்லை.

1896இல் ஓய்வு பெற்றதும் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரிக்கு 1899 வரை தலைவராக இருந்தார். பெரியாற்றைத் திருப்பிய வேலையைப் பற்றிய கட்டுரைக்கு அந்நாட்டுச் சிவில் பொறியாளர் கழகம் டெல்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில், எழுபது வயதில் காலமானார். கல்லறை ஃப்ரிம்லி புனித பீட்டர் தேவாலயத்தில் இருக்கிறது. 2022இல் நம் அரசு சிலை வைத்ததும் அதே கேம்பர்லியில்தான்.

இனி அணைக்கு வருவோம். ஃப்ளெக்ஸில் நாங்கள் அதிகம் பார்க்கிற தப்பு, அடிக்கணக்கு. ஓர் ஊரில் 176 அடி, அடுத்த ஊரில் 152, மூன்றாவது ஊரில் 142. மூன்றும் சரிதான், மூன்றும் வேறுவேறு. 176 என்பது தோண்டிய அடித்தளத்தின் ஆழமான இடத்திலிருந்து அளந்த உயரம். ஆற்றுப்படுகை மட்டத்திலிருந்து எண்ணினால் அணையின் மேல்தளம் 155 அடி. 152 என்பது தண்ணீரை முழுக்கத் தேக்கக் கணக்கிட்ட மட்டம். 1979க்குப் பிறகு 136ஆகக் குறைத்து, 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்து இன்று நிறுத்துவது 142. "அணை உயரம் 142 அடி" என்று எழுதினால் நீர்மட்டத்தை அணையின் உயரமாக்கிவிடுகிறீர்கள்.

இன்னோர் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்: 104. தேக்கடித் தலைமதகு வழியாக நமக்குத் தண்ணீர் எடுக்க முடிவது அந்த மட்டம் வரைதான். ஆக 142 அடி நின்றாலும் நம் பக்கம் வரக்கூடியது மேலே உள்ள 38 அடித் தண்ணீர். அணை நம் பக்கம் இல்லை, தண்ணீர் வரும் வழி அணையிலும் இல்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அணை நிற்கிற இடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தண்ணீர் அங்கிருந்து ஏரியின் இன்னொரு கரையான தேக்கடிக்கு வந்து, வெட்டுக் கால்வாயில் ஓடி, மலையைக் குடைந்த 5,704 அடிச் சுரங்கத்தில் புகுந்து இறங்குகிறது. வெட்டியபோது சுரங்கம் 12 அடி அகலம், ஏழரை அடி உயரம். கீழே வந்தால் வைரவனாறு, பிறகு சுருளி, வைகை என்று ஓட்டம். மேற்கே அரபிக் கடலுக்குப் போன ஆற்றைக் கிழக்கே திருப்பியது இந்தச் சுரங்கம். அணை அதற்கு வேண்டிய மட்டத்தைத் தூக்கிக் கொடுத்தது. சிலை வைக்கிறவர்கள் எல்லாரும் அணையின் படத்தைத்தான் பின்னால் போடுகிறார்கள். சுரங்கத்தின் வாயையும் ஒரு முறை போடுங்கள்.

1958இல் லோயர்கேம்ப்பில் மின்நிலையம் வந்தபின் அந்தத் தண்ணீர் நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கிச் சக்கரம் சுற்றிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகிறது. மின்நிலையம் நிற்கும் நாளில் இரைச்சல்பாலம் வழியாகத் திறந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் இருபோக நிலம் 14,707 ஏக்கர்.

"தனி மனிதர் கட்டினார்" என்ற வரியும் வேண்டாம். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்பபிள்ளை 1789இலேயே இந்த ஆற்றைத் திருப்பலாமா என்று ஆள் விட்டுப் பார்த்தவர்; செலவு தாங்காது என்று நின்றது. 1808இல் கால்டுவெல் என்ற அதிகாரி வந்து பார்த்துவிட்டு நடக்காத கனவு என்று எழுதிவைத்துப் போனார். 1850இல் ஒரு சின்ன அணையைத் தொடங்கி, காய்ச்சலாலும் கூலித் தகராறாலும் கைவிட்டார்கள். மேஜர் ரைவ்ஸ் என்ற பொறியாளர் 1860களில் மண் அணை போடத் திட்டம் கொடுத்தார். பென்னிகுவிக் இந்தக் கோப்பைத் தொட்டது அதற்குப் பிறகு. 1876-78 தாது வருஷப் பஞ்சம் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. அந்தப் பஞ்சமே பிறகு திட்டத்துக்கு நியாயமும் ஆனது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய். 1887இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மெட்ராஸ் பயனியர் படைவீரர்கள், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள், பேர் எழுதாத கூலியாட்கள் என்று எத்தனையோ பேர் மலைக்காய்ச்சலில் அங்கேயே மடிந்தார்கள். அவர்கள் கல்லறை அணைக்குப் பக்கத்துக் காட்டில் கிடக்கிறது. உடன் வேலை பார்த்த லோகன் துரையின் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் நம் பக்கம் உண்டே, அவரையும் பொங்கல் மேடையில் ஒரு வாய் சொல்லலாம்.

சரி, நாடகத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது? சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்த சுர்க்கிக் காரை போடச் சொல்லுங்கள்.

அணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு; நடுவயிறு சுண்ணாம்பு-சுர்க்கி கான்கிரீட். சிமெண்டு கிடையாது. சுண்ணாம்புக் கல்லைக் கீழ்நாட்டிலிருந்து கயிற்றுப் பாதையில் மலைக்கு ஏற்றி, பிறகு தண்ணீர் வழியாகப் படகில் கொண்டுபோனார்கள். அடியில் 138 அடி அகலம், மேலே 12 அடி. தன் எடையால் நிற்கிற அணை. வெறும் சுண்ணாம்பும் மணலும் காற்றில்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட களிமண் தூளாகிய சுர்க்கி சேர்ந்தால் சுண்ணாம்பு அதிலுள்ள சிலிக்காவோடு கூடித் தண்ணீருக்கு உள்ளேயே இறுகும். பென்னிகுவிக்கின் அணை 130 ஆண்டு நிற்பதற்கு இந்த ஒரு வேதியியல் பெரிய காரணம். அதை ஒரு வாளியில் காட்டிவிடலாம்.

வேண்டியவை: நீற்றாத கல் சுண்ணாம்பு 2 கிலோ, நாட்டுச் சூளைச் செங்கல் ஏழெட்டு, சலித்த மணல் ஒரு சட்டி, முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளி. சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். இந்த வேலையை ஆசிரியரோ கொத்தனாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யட்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும். பிளாஸ்டிக் வாளி உருகும். நீற்றிய பாலைச் சலித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க ஒரு வாரமாவது மூடிவையுங்கள். அவசரப்பட்டால், நீறாமல் தங்கிய பொடிக்கட்டிகள் நாம் வார்க்கப்போகும் கட்டைக்குள் போய் நீறி, மேல்தோலைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

செங்கல்லில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கருகி, கண்ணாடி போலப் பளபளக்கும் கல் கூடாது; அதிகச் சூட்டில் அதன் வினை செத்துப்போயிருக்கும். நடுத்தரமாக வெந்த, நகத்தால் கீறினால் லேசாகத் தூள் வரும் கல்லாக எடுங்கள். இடித்து, மாவு சல்லடையில் சலித்து, விரலிடுக்கில் தேய்த்தால் நரநரப்பு தெரியாத பதம் வரவேண்டும். கரடாக இருந்தால் அது வெறும் சிவப்பு மணல், வேலை செய்யாது.

இரண்டு கலவை போடுங்கள். முதலாவது, சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இரண்டாவது, சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி ஒன்று, மணல் இரண்டு. எல்லாம் கொள்ளளவுக் கணக்கு. இவை பள்ளிச் சோதனைக்கான விகிதம், அணையில் போட்ட விகிதம் என்று பலகை எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் பழைய ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரமாவது அரைக்கவேண்டும். கரண்டியால் கிளறினால் போதாது. அரைபட அரைபடத்தான் சுண்ணாம்பு தூளோடு ஒட்டும். உருண்டை பிடித்தால் உடையாமலும், கையில் வழியாமலும் இருப்பது பதம். தண்ணீர் கூடினால் காய்ந்தபின் உள்ளே ஓட்டை விழும்.

மூன்று அங்குல பிவிசி குழாயை மூன்று அங்குலத் துண்டுகளாக அறுத்து, பக்கவாட்டில் ஒரு கீறல் விட்டு, கம்பியால் கட்டி, உள்ளே விளக்கெண்ணெய் தடவினால் அச்சு தயார். இரண்டு அடுக்காகப் போட்டு மரக்கட்டையால் இடியுங்கள். வகைக்கு நான்கு கட்டை போதும். மூன்று நாள் அச்சிலேயே, பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்குக்குள், நிழலில். வெயிலில் வைத்தால் ஈரம் போய் வினை நின்றுவிடும். பார்வைக்குக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், தண்ணீரில் போட்டதும் கரையும். அதன்பின் வகைக்கு இரண்டு கட்டையை வாளித் தண்ணீரில் முழுக்குங்கள், இரண்டை வெளியே வையுங்கள். சில நாளில் வெறும் சுண்ணாம்புக் கட்டையின் விளிம்பு உதிரத் தொடங்கும், வாளித் தண்ணீர் வெளுக்கும். சுர்க்கிக் கட்டை நிற்கும். 28 நாளில் சிமெண்டுக் கட்டையின் வலுவை எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சாந்து மாதக்கணக்கில் மெதுவாக ஏறும். "சார், ஒரு கைப்பிடி சிமெண்டு போட்டுக்கலாமா?" என்று எந்தப் பள்ளியிலும் ஒரு பையன் கேட்பான். போட்டால் சோதனை செத்தது.

வாளித் தண்ணீர் வெளுப்பதையும் மறைக்காமல் காட்டுங்கள். கசிவு நீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவரும் என்பது எல்லாச் சுண்ணாம்பு அணைக்கும் உள்ள நோய். அதனால்தான் அணையின் கசிவை நாள்தோறும் அளந்து எழுதுகிறார்கள். 1979க்குப் பிறகு நம் பொறியாளர்கள் அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள், எஃகுக் கயிற்றை உடம்புக்குள் இறக்கிப் பாறையோடு இழுத்துக் கட்டினார்கள், பின்பக்கம் முட்டுக்கொடுக்கும் கான்கிரீட் சுவரும் எழுப்பினார்கள். 1895இல் கட்டியதை அப்படியே தொடாமல் வைத்திருக்கிறோம் என்பது போன்ற பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது. இரண்டு பக்கமும் தப்பு.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் கொடுக்கலாம். ஆற்றுப்படுகையைச் சுழியாக வைத்து, ஆழத்தின் வர்க்கத்தில் பாதியை மீட்டரில் போட்டால், ஒரு மீட்டர் நீள அணையைத் தண்ணீர் தள்ளும் விசை டன்னில் கிடைக்கும். 136 அடி என்றால் 41.45 மீட்டர், 859 டன். 142 அடி என்றால் 43.28 மீட்டர், 937 டன். 152 அடிக்கு 1,073 டன். மட்டம் ஆறடி ஏறும்போது உயரம் நாலரை விழுக்காடுகூட ஏறவில்லை, தள்ளும் விசை ஒன்பது விழுக்காடு ஏறுகிறது. கவிழ்க்கும் திருப்புவிசையோ உயரத்தின் கன அளவில் போவதால் கிட்டத்தட்ட 14 விழுக்காடு. ஒவ்வோர் அடிக்கும் ஏன் இத்தனை வழக்கு என்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கும். கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவர் ஏன் பயப்படுகிறார் என்பதும் விளங்கும்.

அதைத் தொட்டுவிட்டதால் ஒரு வார்த்தை. குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் பீருமேட்டிலும் தேயிலை, ஏலத் தோட்டங்களில் இருப்பவர்களில் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்! பெண் கொடுத்து, பெண் எடுத்து, காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் திரும்புகிற எல்லை இது. மலையாளிகளைத் திட்டும் வாசகத்தை ஊர்வலத் தட்டியில் எழுதினால் முதல் கல் விழுவது அந்த ஜீப்புகளின் மேல்தான், 2011இல் பார்த்தோம். நம் உரிமையைச் சொல்லக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. வசவு தேவையில்லை.

ஃப்ளெக்ஸ் வாசகம் கேட்டீர்களென்றால் இவ்வளவு போதும்: "ஜான் பென்னிகுவிக், 15.1.1841 – 9.3.1911. பெரியாறு அணை, 1887 – 1895. ஐந்து பெண், ஓர் ஆண் பிள்ளைகளின் தந்தை." கீழே முத்திருளப்பபிள்ளையின் பேரும், காய்ச்சலில் செத்த தொழிலாளருக்கு ஒரு வரியும். படத்தை லோயர்கேம்ப் மணிமண்டபத்துச் சிலையிலிருந்து எடுங்கள்; இணையத்தில் கிடைக்கும் மீசைக்காரத் துரைகளின் படமெல்லாம் அவர் படமாகிவிடாது.

கட்டைகள் ஜனவரி 15 அன்று மேடையில் இருக்கவேண்டுமானால் நாள் கணக்கு இது. நவம்பர் கடைசி வாரத்தில் சுண்ணாம்பை நீற்றுங்கள். டிசம்பர் 5, 6 தேதிக்குள் அரைத்து அச்சில் போடுங்கள். 16ஆம் தேதி வாக்கில், மார்கழி பிறக்கும்போது, வாளியில் முழுக்குங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை நடுவில் வரும். வாளி வற்றாமல் பார்த்துக்கொள்ளப் பள்ளிக் காவலரிடம் சொல்லிவையுங்கள். அரைக்க ஆட்டுக்கல் கிடைக்காத பள்ளிகள் கம்பத்தில் எங்களைக் கேட்டால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
அணையிலும் கால்வாயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலர்,
கூடலூர் – கம்பம்